திறப்பு யாரிடம்?

இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் பெயரைப் போடாமல் விட்டிருக்கலாமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். ஆனால் படிவம் பெயரைத்தான் கேட்டது: இவர் வராவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்? எங்கள் கிளிநொச்சி நிவாரணப் பொருள் ஸ்டோருக்கு, அதைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை விட்டால் வேறு பதில் இல்லை. நிகழும் வாய்ப்பு 4, பாதிப்பு 5, பெருக்கினால் 20. சிவப்பு, அதாவது பெரிய ஆபத்து. தொற்றுநோய் என்ற வரியில் டெங்கு என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டோம், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, நான் வராட்டி ஆபத்தோ, வந்தாலும் ஆபத்தோ?"

"உங்களைச் சொல்லேல்லை அக்கா, அந்தப் பதவியைத்தான் சொல்றது."

"அண்டைக்கு வெள்ளத்துக்க பதவியே வந்தது?"

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, கண்டாவளைப் பக்கம் சனம் பாடசாலைகளுக்கு ஓடிய இரவைச் சொல்கிறார். டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நனைந்த கொப்பியில் ஒவ்வொரு தறப்பாளுக்கும் கையெழுத்து வாங்கித்தான் வெளியே விட்டார். லொறியில் ஏற்றிய எனக்கு அப்போது எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகு கணக்குப் பார்த்தபோது ஒன்றும் குறையவில்லை.

அதனால்தான் 20 போட்டேன். அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்போம்? இதில் என்ன பிழை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் அந்தத் தாளை நீட்டியிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

நான் பரிந்துரைத்தது இன்னொரு ஆளை. யார் என்பதை முடிவெடுத்தது மேலிடம். யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் அலுவலர் ஒருவரிடம் ஸ்டோர்ப் பூட்டின் இரண்டாவது திறப்பைக் கொடுத்தார்கள். "ரெண்டு பேரிட்ட இருந்தா ஒருத்தரும் பொறுப்பில்லை" என்று அக்கா தன்னுடையதையும் மேசையில் வைத்துவிட்டார், அதுவும் அந்த அலுவலரிடமே போனது. ஆக, ஒரே ஆளை நம்பியிருக்கக்கூடாது என்று தொடங்கியது இரண்டு திறப்பும் ஒரே ஆளிடம் போய் முடிந்தது, அவரோ ஏ9 வீதியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளி இருப்பவர்.

2020 மார்ச் 20, கொரோனா ஊரடங்கு. யாழ்ப்பாணம் அதிக ஆபத்துள்ள மாவட்டங்களில் ஒன்றாகிவிட்டது, அவரால் வர முடியவில்லை. கூலி வேலை இல்லாமல் இருந்த குடும்பங்களின் பட்டியலைக் கிராம அலுவலர் அனுப்பிவிட்டார், அரிசியும் பருப்பும் உள்ளே கிடக்கின்றன. பிரதேச செயலகத்துக்குச் சொல்லிவிட்டுப் பூட்டை உடைத்தோம். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அக்கா மாஸ்க்கோடு வந்து, பழைய மூட்டைகள் இடப்பக்கம், அதை முதலில் எடுங்கோ என்று வாசலில் நின்றே சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கும் பதில் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

பிறகு புதுப் பூட்டு வாங்கினோம். ஒரு திறப்பாவது நடந்து வரும் தூரத்தில் இருப்பவரிடம் இருக்க வேண்டும் என்று படிவத்தில் சேர்த்தேன். அந்தத் தூரத்தில் அக்காவைத் தவிர யாரும் இல்லை. போய்க் கேட்டேன்.

"முதல் தாளைக் காட்டுங்கோ" என்றார்.