சண்டைக்காரன் என்று எழுதிய மட்டை

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தின் எலி அறையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். எந்த ஆய்வுகூடம் என்பது இங்கே தேவையில்லை. ஆண் சுண்டெலியின் மூத்திர நாற்றம் லேசில் சட்டையை விட்டுப் போகாது. பின்னேரம் 101 பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது, காலி வீதி நெடுக என் பக்கத்து சீட்டும் காலியாகவே வரும்.

கூடு மாற்றுவது, தீனி போடுவது, கூட்டு மட்டையில் விபரம் எழுதுவது என் வேலை. ஒரு கூட்டில் ஒரே தாயின் ஆண் குட்டிகள் நான்கு. ஒருநாள் பார்த்தால் மூன்றின் வாலிலும் முதுகிலும் பல் தடம். நான்காவதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கடிக்கிறவனுக்குக் காயம் இருக்காது; எலி அறையில் முதல் கிழமையே படிக்கிற பாடம் இது. அவனைத் தூக்கித் தனிக் கூட்டில் போட்டு, மட்டையில் ‘சண்டைக்காரன்’ என்றும் எழுதி வைத்தேன்.

ஏறக்குறைய மூன்று கிழமை கழித்து வெசாக் லீவு வந்தது. கூடு கழுவ ஆள் இல்லை, சுத்தமான கூடுகள் முடிந்துவிட்டன. சரி, கூடப் பிறந்தவர்கள்தானே என்று அவனைப் பழைய கூட்டிலேயே விட்டேன். முதலில் வால்தான் அசைந்தது. மரத்தூளில் படபடவென்று அடிக்கும் அந்தச் சத்தம், காய்ந்த பருப்பை டின்னில் போட்டுக் குலுக்கினாற்போல் இருக்கும். அப்புறம் மயிர் சிலிர்த்தது, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினான். நான் கையை விடுவதற்குள் ஒருவனின் பின்புறத்தில் இரத்தம். என்னோடு வேலை செய்த சிங்கள அண்ணர் எட்டிப் பார்த்துவிட்டு, “மல்லி, தனி எலி இனித் தனி எலிதான்” என்றார். டொக்டரிடம் ஏச்சு வாங்கியது வேறு கதை.

அது அவனுடைய பிறவிக் குணம் என்று அத்தோடு விட்டிருப்பேன். இன்னோர் எலி விடவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு, தையலை மற்றவை கடித்துவிடக் கூடாது என்று தனியே வைத்தது அது. உள்ளங்கையில் வைத்தால் மூக்கை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாது. தையல் ஆறியும் யாரும் அதைத் திருப்பிச் சேர்க்கவில்லை. ஒரு மாதத்துக்குள், மூடியைத் திறந்தாலே மூலையில் விறைத்து நிற்கத் தொடங்கியது. அறை அமைதியான பிறகும் அந்த விறைப்பு விடாது. பிறகு ஒருநாள் கையுறையோடு சேர்த்து என் விரலைக் கடித்தது.

இதைச் சொன்னபோதுதான் டொக்டர் 2018இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றிக் கதைத்தார். கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மோரியல் செலிகோவ்ஸ்கியும் டேவிட் அண்டர்சனும் குழுவாகச் செய்தது. இரண்டு கிழமை தனியே வைத்த சுண்டெலிகளின் மூளை முழுக்க நியூரோகைனின் பி என்கிற பெப்டைட், அதாவது நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் ஒரு சின்னப் புரதத் துண்டு, கூடிவிடுகிறது. அந்நிய எலியைக் கண்டால் பாய்கின்றன. பயமுறுத்தியது போன பிறகும் உறைந்தே நிற்கின்றன. அந்தப் பெப்டைட் போய் ஒட்டுகிற இடத்தை மருந்தால் அடைத்துவிட்டால், இந்த மாற்றங்கள் ஏறக்குறைய எதுவும் வருவதில்லை. எனக்கு உறைத்தது அதன் மறுபக்கம். கூட்டமாக வாழும் எலிகளின் மூளையில் அதைச் செயற்கையாகக் கூட்டினால், தனிமையே அறியாத அவையும் சண்டைக்குப் போகின்றன.

ஒரு நாள் தனிமை இதைச் செய்வதில்லை. 2016இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கே டை என்கிற ஆய்வாளரின் குழு கண்டது வேறு: 24 மணி நேரம் தனியே இருந்த எலியின் மூளைத்தண்டில் டோபமைன் என்கிற இரசாயனத்தால் செய்தி அனுப்பும் ஒரு தொகுதி நரம்பணுக்கள் அதைத் துணை தேடும்படி உந்துகின்றன. ஆக முதல் நாள் ஏக்கம், பதினைந்தாம் நாள் கடி. இடையில் எந்த நாளில் அது இதுவாக மாறியது என்று கூட்டுக்கு வெளியே நின்ற எனக்கு ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாந்தப்படுத்தும் மருந்துகளைச் சோதிப்பதற்கென்றே முன்பெல்லாம் ஆண் எலிகளைக் கிழமைக்கணக்கில் தனியே போட்டு முரடாக்கினார்களாம்.

கடைசியாக டொக்டர் கேட்டார்: “கூடு மாத்தும்போது பழைய மரத்தூளையும் போடுறீரா தம்பி?”

போடுவேன். பழகிய வாசம் இருக்கட்டுமே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி. மூத்திரம் ஊறிய மரத்தூள் ஆண் எலிகளிடையே சண்டையைக் கூட்டுமாம். அவை கிழித்துச் சுருட்டிப் படுக்கிற கடதாசியை மட்டும் புதுக் கூட்டுக்கு மாற்றினால் சண்டை குறையுமாம். அப்படியென்றால் அந்த முதல் சண்டைக்கே என் ஒரு பிடி காரணமாக இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மட்டைகளில் குணம் எழுதுவதை விட்டேன். எந்தத் தேதியிலிருந்து தனியே என்று மட்டும் குறிப்பேன். சண்டைக்காரனின் மட்டையையும் திருத்தலாம் என்று எடுத்துப் பார்த்தேன். அதில் தேதியே இல்லை.