தம்பியை யார் பார்த்துக்கொண்டது?

மலேசியாவில், படிவம் ஐந்து (பதினேழு வயது) பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதை நடத்திக்கொண்டிருக்கிறேன். ரப்பர்த் தோட்டத்துப் பெண்பிள்ளை, படிப்பை நிறுத்தச் சொல்லும் அப்பா, கடைசியில் தன்னம்பிக்கையால் வெற்றி. படிவம் ஐந்தின் அரசுத் தேர்வான எஸ்பிஎம்முக்கு வசதியான கதை. 'கருப்பொருள்: பெண்கல்வி' என்று எழுதினால் புள்ளி கிடைத்துவிடும்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "டீச்சர், அவ ஸ்கூலுக்குப் போனா தம்பிய யாரு பார்த்துக்கிட்டா?" என்றாள். கதையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை!

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பாட்டிகளிடம் கேட்டால் பதில் கிடைக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். சரி, பள்ளி வந்தது. அம்மா விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) போய்விடுவார். கைக்குழந்தை தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக் கொட்டகையில், இல்லாவிட்டால் அக்கா இடுப்பில். தப்பித்துப் படித்தவளுக்கும் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிந்தது. அப்புறம் டவுன் பள்ளி, பஸ் காசு, மலாய்மொழிக்காக ஓராண்டு ரிமூவ் கிளாஸ் என்ற புகுமுக வகுப்பு. அங்கே நின்றுபோன அக்காக்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். (கதாசிரியர் மன்னிக்கட்டும்.)

விடுபட்ட அந்த ஆளைக் கதைக்குள் கொண்டுவரச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் பாட்டியை வைத்தார்கள். ஒரு பையன் மட்டும் அப்பாவையே தம்பிக்குப் பால் கலக்க வைத்துவிட்டான். "நடக்கிற கதையா எழுதுடா" என்று பெண்கள் எல்லாம் அவன்மேல் பாய்ந்தார்கள். நான் முழுப் புள்ளி போட்டேன்.