வெயிலில் வேன், வேனுக்குள் சிலிண்டர்

ஸ்கூபா டைவிங் சென்டரில் சேர்ந்த முதல் கோடையில் என் வேலை ஒன்றே ஒன்று. கம்ப்ரசர் அறையில் காற்று நிரப்பிய சிலிண்டர்களை வேனில் ஏற்றிப் படகுத்துறையில் இறக்க வேண்டும். காலி சிலிண்டரே 14 கிலோ. இடுப்பு ஒடியும் என்று தெரிந்துதான் போனேன். பயம் வரும் என்று நினைக்கவில்லை.

ஒருநாள் படகு தாமதமானது. வேன் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றது. பின்கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஒரு சிலிண்டரின் வால்வைத் தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்தால் 227 பார். காலையில் நானே 200-க்கு நிரப்பியது. வெடிக்கப்போகிறது என்றே முடிவு செய்துவிட்டேன். வரிசையாக நான்கு சிலிண்டர்களைத் திறந்து, முள் 200-க்கு வரும்வரை காற்றை வெளியே விட்டேன்.

சத்தம் கேட்டு மூத்த டைவர் ஓடிவந்தார். "என்ன தம்பி, காசு கொடுத்து அடைச்ச காத்தைத் தெருவுல விடுறே?" என்றவர், அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார். அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும். 200 பாரில் இருக்கும் சிலிண்டரில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.7 பார். 25 டிகிரியில் நிரப்பியது வேனுக்குள் 65 டிகிரிக்குப் போனால் 27 பார் கூடுகிறது, அவ்வளவுதான். எங்கள் அலுமினிய சிலிண்டர்களில் நிரப்புவதற்கென்று குறித்த வேலை அழுத்தம் 207 பார், அதாவது 3000 பி.எஸ்.ஐ. தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டில் அதே சிலிண்டரை 345 பார் வரை ஏற்றித்தான் தேறியதா என்று பார்க்கிறார்கள். 227 அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

என் புத்திசாலித்தனத்தின் பலன் கடலில் தெரிந்தது. சூட்டில் 200 காட்டிய அந்த நான்கும் தண்ணீரில் ஆறியதும் 177-க்கு இறங்கிவிட்டன. அன்று நான்கு பேர் மற்றவர்களுக்கு முன்னால் மேலே வந்தார்கள். வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

அப்புறம் எனக்கு வந்தது அதற்கு நேரெதிரான வியாதி: அலட்சியம். அவசரமாக நிரப்பினால் சிலிண்டரே சூடாகும். ஆறியபின் அழுத்தம் குறையும். குறைகிறது என்று யாரும் சொல்லக்கூடாதே என்று 230 வரை ஏற்றிவிடும் பழக்கம் எங்கள் அறையில் இருந்தது. நானும் செய்தேன். ஆறவிட்டு மீண்டும் நிரப்ப நேரம் இல்லை என்பது சாக்கு.

அப்படி ஏற்றிய சிலிண்டர் ஒன்று வேனுக்குள் இருந்தபோது துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். தொடர்ந்து காது கிழியும் சீறல். கிட்டே போகாமல் தள்ளி நின்றோம். முழுதும் காலியாகச் சில நிமிடங்கள் ஆயின. உள்ளே பார்த்தால், அடுப்பு மாதிரி கொதிக்கும் வேனில் அந்த வால்வின் மேல் மட்டும் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது பர்ஸ்ட் டிஸ்க். அழுத்தம் எல்லை மீறினால் சிலிண்டருக்குப் பதிலாகத் தான் கிழிந்து காற்றை வெளியேற்றும் மெல்லிய உலோகத் தகடு. எல்லா வால்வுகளிலும் அது இருப்பதில்லை. எங்களுடையது எத்தனையோ வருடங்களாக மாற்றாமல், உப்பு அரித்து நைந்துபோனது. தாங்க வேண்டிய அழுத்தத்துக்கு வெகு முன்பே விட்டுவிட்டது. வெயில் மட்டும் இதைச் செய்யவில்லை. அதிகமாக நிரப்பிய கையும், தகடை மாற்றாத சோம்பலும் சேர்ந்து செய்தன. வேனுக்குள் யாராவது உட்கார்ந்திருந்தால் காது போயிருக்கும்.

டேங்கை உள்ளே வைத்துவிட்டுக் காரைப் பூட்டலாமா என்று புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். டெஸ்ட் தேதி தாண்டாத, அளவாக நிரப்பிய சிலிண்டர் என்றால் கொஞ்ச நேரத்துக்குப் பரவாயில்லை என்கிறேன். நிழல் இருந்தால் நிழலில் நிறுத்துங்கள். பின்கண்ணாடிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், வெளிர் நிறத் துணி ஒன்றைப் போர்த்துங்கள், ஜன்னலை விரலளவு இறக்கிவிடுங்கள். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) என்றால் ஜன்னல் விஷயத்தில் கூடுதல் கவனம். கசிந்தால் மூடிய காருக்குள் ஆக்சிஜன் கூடும், சின்னப் பொறிகூட பெரிதாகப் பிடிக்கும். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை மாட்டி வால்வைத் திறந்தே விட்டுப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், அதன் திரையும் பேட்டரியும் சிலிண்டரைவிடச் சீக்கிரம் கெடும்.

இதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொள்பவர்கள், கட்டி வையுங்கள் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். நிரம்பிய சிலிண்டர் கிட்டத்தட்ட 17 கிலோ. திடீர் பிரேக்கில் அது இருக்கையைத் தேடித்தான் வரும். உருண்டு போய் வால்வு எதிலாவது மோதுவதை நினைத்தால், 227 பார் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது காலையில் நிழலில் ஆறவைத்துத்தான் அளக்கிறேன். வந்த எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுகிறேன். துறையில் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "220 இருந்துச்சே, தண்ணிக்குள்ள 200 தான் காட்டுது" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார்.