பிக் பேசின்: தீக்கு முன்னும் தீக்குப் பின்னும்

கலிபோர்னியாவில் ரெட்வுட் என்கிற ராட்சத மரங்கள் நிற்கும் பிக் பேசின் பூங்காவுக்கு நான் முதல் தடவை போனது 2019 மே மாதம், அம்மா எங்களோடு சான் ஹோசேயில் வந்து தங்கியிருந்த சமயம். ஒன்பதாம் நம்பர் ரோட்டில் வளைந்து வளைந்து போய், போல்டர் கிரீக் ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததுமே வெளிச்சம் மாறிவிட்டது, பகல் பதினோரு மணிக்கே சாயங்காலம் மாதிரி. 1936ல் மரத்தாலேயே கட்டிய பழைய அலுவலகம், அதற்குப் பக்கத்தில் ரெட்வுட் லூப் என்கிற நடைபாதை. ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும், எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. 'காட்டின் தாய்' என்று பெயர் வைத்திருக்கிற மரம் கிட்டத்தட்ட தொண்ணூறு மீட்டர் உயரம். அதன் அடியில் எப்போதோ தீப்பிடித்துக் கருகிய இடத்தில் அம்மா உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "எரிஞ்சிருக்குடா, ஆனா உசுரோட இருக்கே" என்றார்.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 16ம் தேதி விடியற்காலையில் மழையே இல்லாமல் இடி மின்னல். அங்கங்கே பிடித்த தீ ஒன்று சேர்ந்து, 18ம் தேதி ராத்திரி பிக் பேசினுக்குள் புகுந்தது. பூங்காவின் 97 சதவீதம் எரிந்துபோனது, அந்த மர அலுவலகம் உட்பட. எங்கள் வீட்டு பால்கனியில் சாம்பல் விழுந்தது, அதைத் துடைக்கக்கூட மனம் வரவில்லை.

2022 ஜூலையில்தான் மறுபடி திறந்தார்கள், அதுவும் கொஞ்சம் இடத்தை மட்டும். நான் போனது 2023 ஜூனில். காரைவிட்டு இறங்கியதும் முதலில் உறைத்தது வெயில். முன்பு நிழல் மட்டுமே இருந்த இடத்தில் சுள்ளென்று வெயில்! மரங்கள் கரி பூசியது போல நிற்கின்றன, ஆனால் அடியிலிருந்து உச்சிவரை தண்டை ஒட்டியே பச்சையாகத் துளிர்த்திருக்கிறது. ரெட்வுட்டின் பட்டை ஒரு அடி கனம்வரை இருக்கும், அதற்குள் எத்தனையோ காலமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் தீ பட்ட பிறகு விழிக்கும். இலை ஒன்றுகூட மிச்சமில்லாத மரம், பல பத்தாண்டுகளுக்கு முன் சேர்த்துவைத்த சர்க்கரையை எடுத்துத்தான் இந்தத் துளிர்களை விட்டிருக்கிறது. எல்லா மரத்துக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. டக்ளஸ் ஃபிர் என்கிற ஊசியிலை மரங்கள் ஏராளமாகச் செத்துப்போயின, அதுதான் எனக்கு வலித்தது. அதற்குக் காரணம் உண்டு. மார்பிள்டு மர்லெட் என்று ஒரு கடல்பறவை, அது எங்கே கூடு கட்டுகிறது என்று ரொம்ப காலம் யாருக்குமே தெரியாமல் இருந்து, 1974ல் இதே பிக் பேசினில் ஒரு டக்ளஸ் ஃபிர் மரத்தின் உயரத்துக் கிளையில்தான் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். கடலில் மீன் பிடித்துவிட்டு இவ்வளவு தூரம் காட்டுக்குள் பறந்துவந்து, ஒரே ஒரு முட்டையைப் பாசி மேல் இடும்.

இந்தக் காடு பிழைத்த கதையும் ஒரு தீயில்தான் ஆரம்பிக்கிறது. 1899ல் இந்த மலைகளில் பிடித்த தீயை, தண்ணீர் போதாமல் ஒயினை ஊற்றி அணைத்தார்களாம். அந்தச் செய்திக்குப் படம் வேண்டுமென்று இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று கேட்க, ஆண்ட்ரூ ஹில் என்ற புகைப்படக்காரர் ஃபெல்டன் என்கிற பக்கத்து ஊரில் இருந்த ரெட்வுட் தோப்புக்குப் போனார். தோப்பு தனியார் சொத்து, படம் எடுக்கக் கூடாது என்று தகராறு. இந்த மரங்கள் எல்லாருக்கும் சொந்தமாக வேண்டும் என்று அன்றைக்கு அவருக்கு வந்த கோபம், 1900ல் பிக் பேசினில் சிலரோடு முகாம் போட்டு, இந்த மரங்களைக் காப்பாற்ற செம்பர்வைரன்ஸ் கிளப் என்ற சங்கத்தை ஆரம்பிப்பதில் போய் முடிந்தது. 1902ல் அரசு 3,800 ஏக்கரை வாங்கியது. கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா இதுதான்.

அந்த ஃபெல்டன் தோப்பும் இப்போது ஹென்றி கவல் மாநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் படம் எடுக்கலாம். நான் வேண்டுமென்றே நிறைய எடுத்தேன். அதே பூங்காவின் ஃபால் கிரீக் பகுதிக்கும் கட்டாயம் போங்கள். ஓடையை ஒட்டி நடந்தால் பாசி படர்ந்த சுண்ணாம்புக் காளவாய்கள் வரும், பெரிய கல் வளைவுகளோடு. சுண்ணாம்புக் கல்லைச் சுட விறகு எது? சுற்றிலும் நின்ற ரெட்வுட்தான். ஆயிரம் வருஷ மரத்தை அடுப்பில் வைத்திருக்கிறார்கள். இப்போது காளவாய்களைச் சுற்றி வளர்ந்திருப்பவை அதற்குப் பிறகு வந்த மரங்கள்.

பிக் பேசின் போகிறவர்கள் பார்க்கிங்குக்கு முன்பதிவு செய்துவிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், தொப்பி கட்டாயம். உள்ளே செல்போன் சிக்னல் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் 'காட்டின் தாய்' படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். அது நிற்கிறது. அம்மா உடனே கூப்பிட்டார். "நான் கை வெச்ச மரம்தானே?" என்றார். ஆமாம் என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கீழேயும் ரெண்டு துளிர் விட்டிருக்குடா, நீ பார்க்கலையா?" என்றார்.

நான் பார்த்திருக்கவில்லை.