சூனியப் பிரதேசத்தில் ஒரு சின்னக் கார்

மே 25, 2019, சனி – கொழும்பு

காலையிலிருந்து பஞ்சிகாவத்தையில்தான். கிளச் கேபிள், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஹோஸ், பின் ஷொக் அப்சோபருக்கு ரப்பர் புஷ், ஒரு செட் பிளக். எல்லாம் கே11 வகை நிசான் மார்ச் காருக்கு. என் பள்ளித்தோழன் குட்டி லண்டனில் வாங்கியிருக்கும் 1 லீற்றர் நிசான் மைக்ராவும் இதுவும் ஒரே கார். இங்கிலாந்தில் அது தெருவிலிருந்து மறைந்துகொண்டு வருகிறது. கொழும்பில் இன்னும் ஓடுவதால் இங்கே எந்த உதிரிப்பாகத்தையும் கைநீட்டி வாங்கலாம். அதனால் சாமான் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது.

எங்கே ஓடப் போகிறோம் என்று முஸ்லிம் கடைக்கார நானா கேட்டார். தாஜிகிஸ்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு உள்ளே போய் இன்னொரு கேபிளை எடுத்து வந்தார். "தம்பி, இது ரெண்டு வச்சிக்கோங்க. மலையில அறுந்தா எங்க போய்த் தேடுவீங்க?"

ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்தத் தெரு பழைய தெருவாக இல்லை. குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் இங்கிருந்து அதிக தூரமில்லை. வரும் வழியில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள், அடையாள அட்டை கேட்டார்கள். நான் நின்ற நேரம் முழுக்க நானாவின் கடைக்கு வேறு ஒருவரும் வரவில்லை. தெருவின் வெறுமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மனம் கனத்துத்தான் திரும்பினேன்.

ஏன் இந்தப் பயணம் என்று கேட்பவர்களுக்கு: 2004இல் தொடங்கிய மொங்கோல் ரலி என்று, ஐரோப்பாவிலிருந்து மொங்கோலியாவை நோக்கி ஓடும் கார்ப் பயணம் ஒன்று உண்டு. 1 லீற்றருக்கு மேற்படாத சின்னக் கார், குறித்த பாதை கிடையாது, பின்னால் உதவி வண்டி கிடையாது, ஒவ்வோர் அணியும் குறைந்தது 1,000 பவுண் தர்மத்துக்குச் சேர்க்க வேண்டும். நாங்கள் அதில் பெயர் பதியவில்லை. விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். குட்டி லண்டனிலிருந்து மொங்கோலியாவை நோக்கி ஓட்டுகிறான், நடுவில் தாஜிகிஸ்தானில் நானும் எங்கள் நண்பர் டொக்டரும் ஏறுவோம். சேரும் பணம் மகரகம புற்றுநோய் மருத்துவமனைக்கு.

ஜூன் 12, 2019, புதன் – கொழும்பு

கடவுச்சீட்டுகள் டெல்லியிலிருந்து வந்துவிட்டன! தாஜிகிஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் கொழும்பில் தூதரகம் இல்லை. எல்லாம் டெல்லி வழியாகத்தான். தாஜிகிஸ்தான் விசா மட்டும் இருந்தால் போதாது. பாமிர் மலைப்பகுதி முழுவதும் கோர்னோ-பதாக்ஷான் என்ற தன்னாட்சி மாகாணம், அதற்குத் தனி அனுமதி வேண்டும். அதுவும் கிடைத்தது. காலி முகத்திடல் பக்கம் ஓட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்தாயிற்று.

குட்டிக்குக் கிர்கிஸ்தானுக்கு விசாவே தேவையில்லை. அவனிடம் இருப்பது பிரித்தானியக் கடவுச்சீட்டு. நான், டொக்டர், குட்டி மூன்று பேரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவன் 1995இல் நாட்டை விட்டுப் போனான், நாங்கள் நின்றோம். வங்கிக் கணக்கு அறிக்கை, வேலைக் கடிதம், திரும்பி வருவோம் என்பதற்கான அத்தாட்சி என்று நாங்கள் அடுக்கிய கோப்பின் தடிப்பைப் பார்க்கும்போது, 1995இல் அவனுடைய அப்பா எடுத்த ஒரு முடிவு இன்றைக்கும் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிகிறது. அவன்மேல் பொறாமை இல்லை. ஆனால் அநியாயம் அநியாயம்தான்.

ஜூன் 30, 2019, ஞாயிறு – வெள்ளவத்தை

அம்மாவுக்கு இன்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். துஷான்பே, கோரோக், முர்காப், கிஸில்-ஆர்ட் கணவாய், ஓஷ், பிஷ்கெக், அல்மாட்டி. அவர் ஊர்களைப் பார்க்கவில்லை, கோடுகளைத்தான் பார்த்தார். "எத்தினை இடத்தில செக் பண்ணுவாங்கள்?"

தீவில் பிறந்தவர்களுக்குத் தரை எல்லை கிடையாது என்பார்கள். எங்களுக்கு இருந்தது. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 நெடுஞ்சாலை திறந்ததும் அம்மம்மாவைப் பார்க்க அம்மாவும் நானும் சாவகச்சேரி போனோம். ஓமந்தையில் இராணுவம், புளியங்குளத்தில் புலிகள், பளையில் மறுபடி புலிகள், முகமாலையில் மறுபடி இராணுவம். இரண்டு தரப்புக்கும் நடுவில் கிடந்த துண்டு நிலத்தைச் சூனியப் பிரதேசம் என்றோம். செஞ்சிலுவைக் கொடி கட்டிய வாகனம் நிற்கும். தெருவோரம் கண்ணிவெடி என்று மண்டையோடு போட்ட பலகைகள். தெருவை விட்டு ஓரடி இறங்கக்கூடாது. வரிசையில் அம்மா என் கையைப் பிடித்திருந்தார், எனக்கு அப்போது இருபது தாண்டியிருந்தும். 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. அதற்குப் பிறகு அம்மம்மாவை நாங்கள் பார்க்கவில்லை.

இத்தனை நாடுகள் இருக்க ஏன் எல்லைகளாகத் தேடிப் போகிறாய் என்று வேலையிடத்தில் கேட்கிறார்கள். ஒரு எல்லையைப் பயமில்லாமல் கடந்து பார்க்க வேண்டும். எனக்கு வேறு பதில் இல்லை.

ஜூலை 27, 2019, சனி – துஷான்பே

குட்டி வந்து சேர்ந்துவிட்டான். தாடி, நெஞ்சு வரை புழுதி. ஐரோப்பா, துருக்கி, ஜோர்ஜியா, அசர்பைஜான், அப்புறம் கஸ்பியன் கடலைக் கடக்கக் கப்பல். அந்தக் கப்பலுக்கு நேர அட்டவணை கிடையாது. சரக்கு நிறைந்தால் புறப்படும். துறைமுகத்தில் காரிலேயே படுத்திருக்கிறான். அவனோடு வந்த வேலைத்தோழன் இங்கிருந்து விமானம் ஏற, நானும் டொக்டரும் ஏறினோம்.

இங்கிலாந்துக் கார் என்பதால் ஸ்டியரிங் வலப்பக்கம், இந்த நாடுகளில் ஓட்டுவதும் வலப்பக்கம். லொறியை முந்த வேண்டுமானால் இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து "வா, வா, நில்" என்று சொல்ல வேண்டும். அந்த வேலை டொக்டருக்கு. சத்திரசிகிச்சைக்கூடத்தில் மயக்க மருந்து கொடுப்பவரின் குரல் அது, ஒருபோதும் பதறாது.

ஜூலை 30, 2019, செவ்வாய் – கோரோக்

கூலோப் தாண்டி பஞ்ச் ஆற்றைப் பிடித்ததிலிருந்து எதிர்க்கரை ஆப்கானிஸ்தான். சில இடங்களில் கல்லெறி தூரம்கூட இல்லை. அங்கே ஒருவர் கழுதையோடு நடந்து போகிறார், பிள்ளைகள் கையசைக்கிறார்கள், நாங்களும் அசைக்கிறோம். பாலம் அபூர்வம்.

1873இல் பிரித்தானியாவும் ரஷ்யாவும் செய்துகொண்ட இணக்கத்தில் இந்த ஆறு எல்லையானது. மேலே பாமிரில் மிச்சமிருந்த எல்லைக்கோட்டை 1895இல் ஓர் ஆணையம் வந்து வரைந்தது. இரண்டு சாம்ராச்சியங்களும் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க, நடுவில் வாகான் என்ற ஒடுங்கிய நிலத்தை ஆப்கானிஸ்தானுக்குக் கொடுத்தார்கள். அந்த நேரம் இலங்கையை ஆண்டதும் அதே பிரித்தானியாதான். ஷுக்னி பேசும் சனம் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. அக்கரையில் இருக்கும் பெரியம்மாவின் வீட்டைத் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண் விரலால் காட்டினார். புகைபோக்கி தெரிந்தது. போய் வருவதுண்டா என்று கேட்டோம். இல்லையென்று தலையாட்டினார்.

தெருவோரம் ஓரிடத்தில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை. படம் எடுக்க என்று காரை நிறுத்தியிருந்தோம். பலகையைக் கண்டதும் மூன்று பேரும் ஒரு சொல் பேசாமல் தாரில் மட்டும் கால்வைத்து நின்றோம். குட்டிக்கும் மறக்கவில்லை.

ஓகஸ்ட் 1, 2019, வியாழன் – முர்காப்

கோரோக்கிலிருந்து ஏறக்குறைய 310 கிலோமீற்றர், நாள் முழுக்க. நடுவில் 4,272 மீற்றர் உயரமுள்ள கோய்தெஸெக் கணவாய். எங்கள் நாட்டின் உச்சியான பிதுருதலாகலை 2,524 மீற்றர்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், எஞ்சினும் எங்களைப் போலத்தான் மூச்சுவிட வேண்டும். ஒவ்வோர் 1,000 மீற்றருக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு பலம் போகும். ஏற்றத்தில் முதல் கியரை விட்டு மேலே போக முடியவில்லை. ஆனால் ஒரு நன்மை: சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் தரம் குறைந்த பெற்றோலிலும் எஞ்சின் தட்டாமல் ஓடுகிறது. இங்கே கிடைப்பது பீப்பாயிலிருந்து வாளியால் மொண்டு ஊற்றும் பெற்றோல்தான். துணியால் வடிகட்டி ஊற்றினோம்.

பலகைபோல் வரிவரியாகக் கிடந்த தெருவில் பின் ஷொக் அப்சோபரின் புஷ் தேய்ந்து கழன்றுவிட்டது. மாலைக் குளிரில் சக்கரத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டோம். குட்டி ஸ்பானரைப் பிடித்தான், டோர்ச் வெளிச்சம் டொக்டர். அவருக்கே தலையிடி. இருந்தும் எங்கள் விரல்களில் கருவியை மாட்டி ஒக்சிசன் அளவு பார்த்தார்: மூவருக்கும் எண்பதுகளில். நாளைக்கு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார். சரி.

ஓகஸ்ட் 3, 2019, சனி – சாரி-தாஷ்

இதை எழுதத்தான் இந்தக் குறிப்பே தொடங்கினேன்.

காலையில் அக்-பைத்தால், 4,655 மீற்றர், இந்தப் பாதையின் அதியுயர் இடம். கடைசி வளைவில் நானும் டொக்டரும் இறங்கி நடந்தோம், குட்டி தனியாக ஏற்றினான். அதன்பின் சீன எல்லைக்கென்று சோவியத் காலத்தில் போட்ட முள்வேலி நெடுந்தூரம் கூடவே வந்தது. பல இடங்களில் அறுந்து கிடக்கிறது. காராகுல் ஏரி விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கியது. அந்த நீலத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை.

பிற்பகல் தாஜிகிஸ்தான் சாவடி. தகரக் கொட்டகைகள், உள்ளே விறகடுப்பு, கையால் எழுதும் பேரேடு. போதைப்பொருள் சோதனை, சுங்கம், எல்லைக்காவல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. என் கடவுச்சீட்டை வாங்கிய இளம் சிப்பாய் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தான். என் வயிறு இறுகியது. எனக்குத் தெரியும் அந்த இறுக்கம், ஓமந்தையில் பழகியது. பிறகு நிமிர்ந்து, "செய்லோன்? சாய்?" என்றான். ஆமாம் என்றேன். முத்திரை குத்திவிட்டு, அடுப்பில் இருந்த கேத்தலைக் காட்டி இருக்கச் சொன்னான். குடித்துவிட்டுத்தான் புறப்பட்டோம்.

தடை மரம் எங்களுக்குப் பின்னால் இறங்கியது. கொஞ்சம் ஏறினால் கணவாயின் உச்சி, கொம்பு வளைந்த மலையாட்டுச் சிலை ஒன்று. அங்கிருந்து கிர்கிஸ் சாவடியான போர்-தோபோவுக்கு இறங்க வேண்டும். இரண்டு சாவடிக்கும் இடையில் ஏறக்குறைய 20 கிலோமீற்றர். ஒரு நாட்டை விட்டாயிற்று, மற்ற நாட்டுக்குள் இன்னும் போகவில்லை. செம்மண் மலை, ஓடை அரித்த பாதை, ஆள் அரவமே இல்லை.

குட்டி காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். டொக்டர் இறங்கி, தெருவை விட்டு விலகி, மண்ணில் கால்வைத்து ஐம்பது அடி நடந்தார். நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"மச்சான், இதுவும் சூனியப் பிரதேசம்தானே. இஞ்ச நடக்கலாம்."

நாங்களும் இறங்கி நடந்தோம். குட்டி அழுதான். அவன் போன பிறகு ஏ9 எப்படி இருந்தது என்று அவன் கண்டதில்லை. முதல்முறையாகக் கேட்டான். வரிசையையும் படிவங்களையும் அம்மம்மாவையும் அந்தச் சரிவில் நின்றுதான் சொன்னேன். குளிர்காற்று தாங்காமல்தான் மறுபடி காரில் ஏறினோம்.

கிர்கிஸ் பக்கம் அவனுக்கு ஒரு நிமிடம், எங்களுக்கு நெடுநேரம். ஆனால் மரியாதையாக நடத்தினார்கள். காருக்குத் தற்காலிக இறக்குமதிப் பத்திரம் எழுதித் தந்தார்கள். கிர்கிஸ்தான் 2015இல் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டதால் இந்த ஒரே பத்திரம் கசகஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் செல்லும். தொலைத்தால் தொலைந்தோம், அதனால் அது டொக்டரின் சட்டைப்பைக்குள் போனது.

ஓகஸ்ட் 9, 2019, வெள்ளி – அல்மாட்டி

கிர்கிஸ்தானிலிருந்து கசகஸ்தானுக்குள் நுழையும் கோர்தாய் எல்லை. இங்கே சாரதி மட்டும் காரோடு போகலாம், மற்றவர்கள் இறங்கிக் கம்பி வேலிக்குள் நடந்து போய்த் தனி வரிசையில் நிற்க வேண்டும். மூட்டை சுமந்த பெண்கள், தூங்கும் பிள்ளைகள், நெரிசல். இந்த வரிசை எனக்குப் பழக்கமானது. முன்னால் நின்ற மூதாட்டியின் சாக்குப்பையை டொக்டர் வாங்கிச் சுமந்தார். முத்திரை விழுந்தது. வயிறு இறுகவில்லை.

எங்கள் லீவு முடிகிறது. நாங்கள் இங்கிருந்து விமானம் ஏறுகிறோம். குட்டி தனியாக செமேய், பர்னாவுல் வழியாக வடக்கே போகிறான்.

ஓகஸ்ட் 17, 2019, சனி – கொழும்பு

குட்டி அல்தாய் மலையைத் தாண்டி தஷாந்தாவை அடைந்துவிட்டான், ரஷ்யாவின் கடைசிக் கிராமம். சாவடி இன்று மூடிவிட்டது, ஞாயிறும் திறக்காது. பின்னால் இன்னும் சில ரலிக் கார்கள் வந்து சேர்ந்திருக்கின்றன, கூட்டாகச் சமைக்கிறார்களாம். மொங்கோலியா ஒன்றியத்துக்கு வெளியே என்பதால் காருக்குப் புதுப் பத்திரம் வேண்டும், அதற்கான ஆவணங்களை நேற்றிரவு இங்கிருந்து நான் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

அம்மா அவனோடு தொலைபேசியில் பேசினார். சாப்பிட்டாயா என்று கேட்டார், அப்புறம் அங்கே எப்படிச் செக் பண்ணுகிறார்கள் என்று விவரமாகக் கேட்டார். சேர்ந்த பணத்தை மகரகமவுக்கு வெள்ளிக்கிழமை டொக்டர் கொண்டுபோகிறார். திங்கள் காலை சாவடி திறக்கும். குட்டி கடந்ததும் எழுதுகிறேன்.