பச்சைத் தழையை நம்பாதீர்கள், அடிமரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 2017 பிப்ரவரி 11 அன்று ஒரு தெம்புசு மரம் வேரோடு சாய்ந்தது. வயது 270-க்கு மேல், உயரம் 40 மீட்டர், சுற்றளவு 6.5 மீட்டர். இந்தியாவைச் சேர்ந்த ஒரு பெண் உயிரிழந்தார். நான்கு பேர் காயமடைந்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்த மரமல்ல அது. பாரம்பரிய மரமென்று அறிவித்து, ஆண்டுக்கு இருமுறை சோதித்து வந்தார்கள். 2016 செப்டம்பரில் நடந்த கடைசிச் சோதனையிலும் நன்றாக இருப்பதாகத்தான் பதிவு. அடியில் இருந்த அழுகல் விழுந்த பிறகே தெரிந்தது.

இலைக்குத் தண்ணீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிமரத்தில். மரத்தை மண்ணில் பிடித்து வைத்திருப்பது தடித்த வேர்கள். வேரின் அடிப்பக்கத்தையும் வைரத்தையும் (நடுவில் உள்ள கெட்டி மரத்தையும்) காளான் தின்றுகொண்டிருக்கும்போது, மிச்சமிருக்கும் வெளிமரமும் சல்லிவேர்களும் தலையைப் பச்சையாகவே வைத்திருக்கும். அதனால் முதுமரத்தைச் சோதிக்கிறவர் அண்ணாந்து பார்ப்பதற்கு முன் குனிந்து பார்க்க வேண்டும்.

வேர்க்கழுத்து, அதாவது அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம், கண்ணுக்குத் தெரிகிறதா? தூண் நட்டதுபோல மரம் நேராக மண்ணுக்குள் போனால், யாரோ மண்ணைக் கொட்டி மூடியிருக்கிறார்கள் என்று பொருள். மூடிய பட்டை ஈரத்தில் ஊறி அழுகும். அந்த மண்ணை மண்வெட்டியால் வெட்டாமல் கையாலும் தூரிகையாலும் எடுக்க வேண்டும். மண்ணை ஊதி விலக்கும் காற்றழுத்தக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. வேர்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் மெல்லிய இரும்புக் கம்பியால் குத்திப் பார்க்கலாம். நல்ல மரம் கம்பியைத் தடுத்துவிடும். அழுகிய மரத்தில் ஊறிய ரொட்டியில் போவதுபோல இறங்கும். அடியில் பளபளப்பான, காவிநிறத் தட்டுக் காளான் இருந்தால் அது மரத்தை அழுகவைக்கும் கேனோடெர்மா என்ற காளானாக இருக்கலாம். நம் தென்னைகளில் தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவருவதும் இதே இனம்தான். காளானைப் பிய்த்து எறிந்துவிட்டு “சுத்தம் செய்தாயிற்று” என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. பிய்த்தது காளானின் பழத்தை மட்டும், நோய் மரத்துக்குள்ளே இருக்கிறது. படம் எடுத்து, அளந்து, தேதியோடு குறியுங்கள்.

அடிமரத்துக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசும் பழக்கத்தை விட்டுவிட்டால் பாதி வேலை எளிதாகும். வெடிப்பு, கசிவு, காளான் எல்லாவற்றையும் அந்தப் பூச்சு மறைத்துவிடுகிறது.

பிறகு ரப்பர் சுத்தியல். ஒரு சாண் இடைவெளியில் சுற்றிலும் தட்ட வேண்டும். பொந்து இருந்தால் மத்தளம்போல ஒலிக்கும். பட்டை மட்டும் பிரிந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே ஓசைதான், இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். சந்தேகமான இடத்தில் மட்டும், மெல்லிய ஊசியால் துளைத்து மரத்தின் உறுதியை அளக்கும் ஊசித்துளைக் கருவி; அதன் முனை 3 மில்லிமீட்டர். ஒலியலைப் படக்கருவி துளையிடாமலே அடிமரத்தின் குறுக்குவெட்டைக் காட்டும், ஆனால் வெடிப்பையும் பொந்தாகக் காட்டிவிடும். பொந்துள்ள மரமெல்லாம் விழாது. குழாய்போல, பொந்தைச் சுற்றியுள்ள நல்ல மரச்சுவரின் தடிமன் அடிமரத்தின் ஆரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பொதுவாகத் தாங்கும்: 1 மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு 15 சென்டிமீட்டர் சுவர். பக்கவாட்டில் திறந்த பொந்துக்கும் வேர் அழுகலுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. பொந்தில் சிமென்ட் அடைக்கவே கூடாது. மரம் காற்றில் ஆடும், சிமென்ட் ஆடாது.

சாய்வு பழையதா புதியதா என்பதுதான் கேள்வி. பழைய சாய்வில் நுனி மறுபடி நிமிர்ந்து வளர்ந்திருக்கும். புதிய சாய்வில் காற்று வந்த பக்கம் மண் வெடித்திருக்கும், எதிர்ப்பக்கம் அமுங்கியிருக்கும். தூக்குக்குண்டு பிடித்து ஒரே இடத்திலிருந்து பருவத்துக்கு ஒருமுறை படமெடுத்தாலே போதும்.

மண்ணைப் பற்றி லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் ஒரு புயல் பாடம் எடுத்தது. 1987 அக்டோபர் 16 அதிகாலையில் அங்கே சுமார் 700 மரங்கள் போயின. 1798-ல் நட்ட டர்னர் ஓக் மட்டும் வேர்த்தட்டோடு தூக்கப்பட்டு, அதே குழியில் உட்கார்ந்தது. முட்டுக்கொடுத்து விட்டுவைத்தார்கள். ஏற்கெனவே நலிந்திருந்த அந்த மரம் மூன்று ஆண்டுகளில் செழித்துவிட்டது. பார்வையாளர்களின் கால்கள் இறுக்கிய மண்ணைப் புயல் தளர்த்தியிருந்தது! அதன் பிறகு, முதுமரங்களின் அடிமண்ணைக் காற்றழுத்தத்தால் தளர்த்துவது அங்கே வழக்கமாயிற்று. நெஞ்சுயரத்தில் அளந்த அடிமர விட்டத்தைப்போல 12 மடங்கு ஆரத்துக்கு வேர் எல்லை என்று வைத்துக்கொள்வது பிரிட்டனில் கட்டுமான வேலைகளுக்கான கணக்கு; 1 மீட்டர் மரத்துக்கு 12 மீட்டர். அதில் முடிந்த அளவுக்கு இலைச்சருகு மூடாக்குப் போடுங்கள், அடிமரத்தைத் தொடாமல்.

மூடாக்கு இன்னொரு வேலையும் செய்கிறது: அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். ஆளில்லாத இடத்தில் கிளை விழுந்தால் அது விறகு. பெஞ்சின் மேல் விழுந்தால் வழக்கு. நீண்ட படுக்கைக் கிளைகள் காற்றே இல்லாத வெயில் மதியத்திலும் முறியும் என்பதால், புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் பூங்காவைப் பூட்டுவது போதாது. மரத்தை வெட்டுவதா என்று குழு போடுமுன் பெஞ்சை நகர்த்துங்கள்.

ஆலமரத்துக்கு மட்டும் சோதனையின் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஹவுரா தாவரவியல் தோட்டத்துப் பேராலமரத்தின் தாய்த்தண்டு காளானால் கெட்டு 1925-ல் அகற்றப்பட்டது. சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் விழுந்தது. இரண்டும் விழுதுகளில் நிற்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது, விழுதுக்கும் விழுதுக்கும் இடையே தொங்கும் கிளையின் நீளம். இடைவெளி பெரிதாக இருந்தால், அந்தக் கிளையிலிருந்து இறங்கும் இளம் விழுதைப் பிளந்த மூங்கிலுக்குள் விட்டு, ஈரமண் நிரப்பித் தரைவரை கொண்டுவர வேண்டும். அது தடிக்கும்வரை கிளைக்கு அடியில் முட்டு இருக்கட்டும்.