கிட்டாரில் சோலோ (தனி வாசிப்பு) வாசிக்க இசைக் கோட்பாடு வேண்டுமா?

வேண்டாம் என்பவர்கள் சொல்வதுபோல், வெஸ் மான்ட்கோமரி இசைக்குறிப்புகளைப் படிக்கத் தெரியாமலேயே ஜாஸ் கிட்டாரின் உச்சத்தைத் தொட்டார் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டின்) சுரங்களையும் அவருடைய காது அறிந்திருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஏ மைனர் பென்டடானிக் என்ற ஸ்கேலின் (சுர வரிசையின்) 5 சுரங்களை மட்டும் நம்பி வாசிப்பவர், பின்னணியில் ஈ செவன்த் கார்ட் ஒலிக்கும்போது 2-ஆம் கம்பியின் 8-ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டில்) ஜி சுரத்தை நீட்டி நிறுத்தினால், அந்தக் கார்டின் மூன்றாம் சுரமான (ஈ-யிலிருந்து ஸ்கேல் வரிசையில் எண்ணினால் மூன்றாவதான) ஜி ஷார்ப்போடு அது உரசும். ப்ளூஸில் அந்த உரசலே அழகாகலாம். மென்மையான மெலடியில் பெரும்பாலும் உறுத்தும். ஒரு ஃப்ரெட் மேலே நகர்ந்து ஜி ஷார்ப்பைத் தொட்டால் போதும் என்பதைத் தடவித் தடவிக் கண்டடைவதைவிட, கார்டின் அமைப்பைப் படித்துத் தெரிந்துகொள்வது எவ்வளவோ எளிது.

எல்லா ஸ்கேல்களையும் மனப்பாடம் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாசிக்கப்போகும் பாட்டின் கார்டுகளில் மூன்றாம் சுரம் எங்கெங்கே இருக்கிறது என்பதை முதலில் வாயால் பாடி, பிறகு விரலால் தேடிப் பாருங்கள்.